அலிபாகும் ஆறாயிரம் ரூபாயும்

மும்பைக்குத் தெற்கே உள்ள அலிபாக், மாநகரத்து இளைஞர்கள் வார இறுதியில் நாடிச் செல்லும் கடற்கரை ஊர். கேட்வே ஆஃப் இந்தியாவில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. அங்கிருந்து பேருந்தில் சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் அலிபாக். கடந்த பிப்ரவரியில் தாராவியைச் சேர்ந்த இளைஞர் மன்றத்தினர் 22 பேருடன் நானும் அங்கே சென்றுவந்தேன். அப்பயணம் நிகழாமலே போயிருக்கக்கூடும். அந்தக் கதையை மன்றத்தாரின் இசைவுடன் இங்கே எழுதுகிறேன்.

மன்றத்தின் பொருளாளர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் பெண். ஒவ்வொருவரிடமும் மாதம் 50 ரூபாய் வீதம் ஓராண்டு திரட்டி, 13,200 ரூபாயைத் தம் சொந்தச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தார். தங்குமிடத்தை இணையத்தில் தேடியபோது, அழகிய படங்களுடன் ஒரு கைப்பேசி எண் கிடைத்தது. முன்பணமாக 2,000 ரூபாய் அனுப்பினார். சற்று நேரத்தில் எதிர்முனையிலிருந்து அழைப்பு வந்தது: "அறைகள் நிரம்பிவிட்டன, பணத்தைத் திருப்பித் தருகிறோம். இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடுங்கள்." இட்டார். வரவேண்டிய பணம் வரவில்லை. மேலும் 4,000 ரூபாய் போயிற்று.

அச்சத்தால் இரண்டு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எங்கள் கிளைக்கு வந்தபோது, என் மேசையிலிருந்தே 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் பதிவு செய்தோம். ஆனால் அதற்குள் பணம் கைமாறிவிட்டது. இன்றளவும் அது திரும்பவில்லை.

பணத்தைவிடப் பெரிதாக ஒன்று போகவிருந்தது. மன்றக் கூட்டத்தில் ஒருவர், "பொதுப் பணம் உன் கணக்கில்தானே இருந்தது?" என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டது அவ்வளவே. கேட்காமல் விட்டது எல்லோருக்கும் புரிந்தது. மறுநாள் அந்தப் பெண் கணக்கு அறிக்கையுடன் வந்தார். சொந்தச் செலவும் மன்றப் பணமும் கலந்துகிடந்த ஓராண்டு வரிகளை நாங்கள் இருவரும் பிரித்தெடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. கேள்வி கேட்டவரே அடுத்த கூட்டத்தில் எழுந்து, தலைக்கு 300 ரூபாய் கூடுதலாகப் போட்டுப் பயணத்தை நடத்துவோம் என்றார். கையில் இருந்த 7,200 ரூபாய் 13,800 ஆயிற்று. தெரிந்தவர் ஒருவர் வழியாக, கடலோரக் கிராமத்து வீட்டில் பாய் விரித்துப் படுக்க இடம் கிடைத்தது.

அலிபாகில் முதல் நாள் காந்தவியல் ஆய்வகத்தை வெளியிலிருந்து பார்த்தோம். மும்பையில் மின்சார டிராம்கள் வரவிருந்த நிலையில், அவற்றால் அளவீடுகள் பாதிக்கப்படாதிருக்க 1904இல் கொலாபாவிலிருந்து இங்கு மாற்றப்பட்ட ஆய்வகம் இது.

மறுநாள் காலை குலாபா கோட்டை. 1680இல் சிவாஜி தொடங்கி, அவர் மகன் சம்பாஜி நிறைவுசெய்த இக்கடற்கோட்டை, பின்னர் மராத்தியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயின் கைக்கு வந்தது. நீர் வடிந்திருக்கும்போது மணலில் நடந்தே கோட்டைக்குள் செல்லலாம். நீர் ஏறிவிட்டால் அடுத்த வடிகால் வரை காத்திருக்க வேண்டும், அல்லது படகு தேட வேண்டும். ஒரு வடிகாலுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் பன்னிரண்டரை மணி நேரம். நேரமும் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

சுற்றிலும் உப்புக்கடல் இருக்க, கோட்டைக்குள் நன்னீர்க் கிணறு இருப்பதை எல்லோரும் வியந்து பார்த்தோம். வடக்கு மதிலருகே சக்கரம் வைத்த ஆங்கிலேயப் பீரங்கிகள் இரண்டு உள்ளன. இளைஞர்கள் அங்கே படம் எடுப்பதில் மூழ்கிவிட்டனர். "இன்னும் பத்தே நிமிடம்" என்ற குரல்கள் எழுந்தன. பொருளாளர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை, இப்போதே கிளம்புகிறோம்" என்றார். யாரும் மறுக்கவில்லை. நாங்கள் பாதி வழி வந்தபோது நீர் கணுக்காலைத் தொட்டது. கரையேறித் திரும்பிப் பார்த்தபோது நடந்துவந்த தடத்தைக் காணோம்.

வாசகர்களில் பலர் ஏதேனும் ஒரு சங்கத்தில், விழாக்குழுவில், குடியிருப்போர் மன்றத்தில் பொதுப் பணத்தைக் கையாளுபவர்களாக இருப்பீர்கள். அதைத் தனிநபர் கணக்கில் வைக்க வேண்டாம். பதிவு பெறாத அமைப்பும் நிர்வாகக் குழுவின் தீர்மானம், அதிகாரப் பத்திரம், அடையாள ஆவணங்கள் ஆகியவற்றைக் கொடுத்துத் தன் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம். இருவர் ஒப்பமிட்டாலன்றிப் பணம் எடுக்க இயலாதவாறு செய்யலாம். அது பொருளாளர் மீது கொண்ட ஐயம் அன்று. அவருக்கு நாம் தரும் காப்பு. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை என்பதையும் நினைவில் கொள்க. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் காத்திராமல் அந்த நிமிடமே 1930ஐ அழையுங்கள்.

திரும்பும் படகில் பொருளாளர் கணக்கை எல்லோரும் கேட்க வாசித்தார்: வரவு 13,800, செலவு 13,760, மீதி 40 ரூபாய். சென்ற மாதம் மன்றத்தின் பெயரில் தொடங்கிய கணக்கின் முதல் தொகையில் அந்த 40 ரூபாயும் அடங்கும். பொருளாளராக அவரே நீடிக்கிறார்.