வீடில்லாதவருக்கும் அந்தரங்கம் உண்டு

இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டோ, அரசு வீடு கேட்டோ மனு கொடுக்கும் ஒரு குடும்பம் அலுவலகத்தில் என்னென்ன ஒப்படைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆதார் நகல், குடும்ப அட்டை, சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கைப்பேசி எண், புகைப்படம். ஓடைப் புறம்போக்கில் தார்ப்பாய்க்குக் கீழே வசிப்பவர் என்றால், ஏன் வீடில்லை என்ற விவரமும் சேர்கிறது. சாத்திக்கொள்ள ஒரு கதவுகூட இல்லாதவரின் வாழ்க்கை முழுவதும் ஒரு கோப்புக்குள் போய்விடுகிறது. அந்தக் கோப்பில் உள்ளதை யார் பார்க்கலாம், எவ்வளவு பார்க்கலாம்?

இது தலித் மக்களின் கேள்வி. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் குறைந்தது 60 சதவீத இலக்கு பட்டியலின, பழங்குடி மக்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. எனவே பயனாளிகள் விவரம் கசிந்தால் முதலில் பாதிக்கப்படுவதும் இவர்களே.

பட்டியல் காட்டிக்கொடுப்பது

2011-ல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்துத்தான் இந்தத் திட்டத்தின் பட்டியல் தொடங்கியது. அதில் ஐந்து வகைக் குடும்பங்கள் தாமாகவே இடம் பெற்றன. இருக்க இடமில்லாதோர், பிச்சையெடுத்து வாழ்வோர், கையால் மலம் அள்ளும் தொழிலில் தள்ளப்பட்டோர், தொன்மைப் பழங்குடியினர், சட்டப்படி மீட்கப்பட்ட கொத்தடிமைகள்.

உதவி இவர்களுக்கு முதலில் போய்ச் சேர வேண்டும் என்பது சரி. ஆனால் எந்த வகையில் சேர்ந்தார் என்பது பெயருக்குப் பக்கத்தில் வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்டவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பது பழைய முதலாளிக்குத் தெரியும். தாத்தா காலத்துத் தொழிலை விட்டுவிட்டு நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும் குடும்பத்தின் கதை, வீட்டு உரிமையாளரின் கைப்பேசியில் வந்து நிற்கும். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு பட்டப்பெயராகும்.

வன்கொடுமைக்கு ஆளாகி ஊரை விட்டு வெளியேறியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களில் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நீதிமன்றம் மறைத்த அதே முகவரியை வீட்டுமனைப் பட்டியல் வெளியிட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்புக்குப் பொருளே இல்லை.

கசிந்தது உண்மை

இது வெறும் அச்சம் அல்ல. 2017 மே மாதம் பெங்களூருவில் உள்ள இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. நான்கு அரசு இணையதளங்கள் வழியாகச் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளியே தெரிந்திருக்கலாம் என்றது. அவற்றில் இரண்டு, நூறு நாள் வேலைக்கும் முதியோர் உள்ளிட்டோர் ஓய்வூதியத்துக்குமான தளங்கள். அதே ஆண்டு ஜூலையில், சுமார் 210 அரசுத் துறை, கல்வி நிறுவன இணையதளங்களில் பயனாளிகளின் பெயர், முகவரியோடு ஆதார் எண்ணும் வெளியிடப்பட்டிருந்ததை மத்திய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29-வது பிரிவு சொல்லியிருந்தும் இது நடந்தது.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் அந்த உரிமைக்குச் சொந்த வீடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

மூடி மறைப்பதும் ஆபத்து

அப்படியானால் பட்டியலையே வெளியிட வேண்டாமா? வெளியிட்டே ஆக வேண்டும். பட்டியல் பூட்டிய அலமாரிக்குள் இருந்தால், காலனிக்கு வர வேண்டிய வீடு மாடி வீட்டுக்காரருக்குப் போகும். மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தை அரசு தானே வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. சமூகத் தணிக்கை நடப்பதும் இதை நம்பித்தான்.

இப்போது இன்னொரு சிக்கலும் வந்திருக்கிறது. 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 'தனிப்பட்ட தகவல்' என்று சொல்லியே ஓர் அலுவலகம் மனுவைத் திருப்பி அனுப்ப இது வழி தருகிறது. பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

ஏழையின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி அதிகாரியின் தவறை மறைக்க விடக் கூடாது. வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் ஏழையின் வங்கிக் கணக்கைச் சுவரில் ஒட்டவும் விடக் கூடாது. யாருக்கு வீடு, எந்தக் குக்கிராமம், வரிசையில் எத்தனையாவது, எவ்வளவு பணம் விடுவிக்கப்பட்டது என்பவை ஊருக்குத் தெரியட்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண், நோய், முன்பு செய்த தொழில், கொத்தடிமையாக இருந்த விவரம் ஆகியவை அலுவலகத்துக்குள்ளேயே இருக்கட்டும். சாட்சியாகவோ மீட்கப்பட்டவராகவோ இருப்பவர் எழுதிக் கேட்டால், பெயருக்குப் பதில் விண்ணப்ப எண்ணை மட்டும் போடலாம்.

நாம் செய்யக்கூடியவை

கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை இ-சேவை மையத்தில் கேட்டு வாங்கலாம். கொடுக்கும் ஒவ்வொரு நகலிலும் 'வீட்டுமனை மனுவுக்கு மட்டும்' என்று எழுதித் தேதியோடு கையெழுத்திடுங்கள். "உங்களுக்கு வீடு ஒதுக்கியாச்சு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று அழைப்பு வந்தால் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

படித்த இளைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மனு நிரப்பிக் கொடுக்க உங்களிடம்தான் வருகிறார்கள். வேலை முடிந்ததும் கைப்பேசியில் எடுத்த ஆவணப் படங்களை அழித்துவிடுங்கள். பயனாளிகள் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன், அதில் எந்தெந்தக் கட்டங்கள் இருக்கின்றன என்று பாருங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். "பட்டியலை முழுமையாக வாசியுங்கள், ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் நீக்கிவிட்டு ஒட்டுங்கள்" என்று ஒரு தீர்மானம் கொண்டு வரலாம். அதற்குச் செலவு இல்லை. எழுந்து கேட்க காலனியிலிருந்து பத்துப் பேர் போதும்.