ஊசி குத்தினால் மறைக்க வேண்டாம்

சில மாதங்களுக்கு முன் சகோதரி ஒருவர் மகனின் கல்வி உதவி மனுவோடு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். விரலில் துணி சுற்றியிருந்தது. கேட்டோம். துப்புரவு வேலை பார்க்கும் கிளினிக்கில் குப்பைப் பையைக் கட்டும்போது ஊசி குத்திவிட்டதாம். நடந்தது முந்தைய நாள் மாலை. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து மஞ்சளைப் பூசிக்கொண்டு இருந்துவிட்டார். மனுவை வாங்கி வைத்துவிட்டு, அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

நம் குடும்பங்களில் எத்தனையோ பெண்பிள்ளைகள் கிளினிக்கிலும் லேபிலும் பல் மருத்துவமனையிலும் வேலை பார்க்கிறார்கள். அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பிறருக்குப் போட்ட ஊசி குத்தினால் மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. ஆகிய கிருமிகள் தொற்றலாம். எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. ஆனால் அக்கிருமி உள்ளவரின் ஊசி குத்தினாலும் அது தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். தடுப்பூசி போடாதவருக்கு காமாலை பி தொற்றும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். 0, 1, 6 ஆகிய மாதங்களில் மூன்று தவணை போட்டால் அதைத் தடுத்துவிடலாம்.

குத்தியவுடன் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. பிறகு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

இனி சட்டம். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் ஒரே டாக்டர், ஒரே அறை உள்ள கிளினிக்குக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் இவற்றைக் கண்காணிப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மாநில அரசின் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு செய்வது தனி. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை.

ஊசி, பிளேடு எல்லாம் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். ஊசி நீக்கிய சிரிஞ்சும் குளுக்கோஸ் டியூபும் சிவப்புப் பை. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள் பை. கண்ணாடி மருந்துக் குப்பிக்கு நீலம். கறுப்புப் பையில் ஊசி இருந்ததே முதல் தவறு. போட்ட ஊசிக்கு மறுபடி மூடி மாட்டுவதும் ஆபத்து.

பலருக்குத் தெரியாதது இன்னொன்று. கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதும், வேலையில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒருமுறையும் பயிற்சியும் உடல் பரிசோதனையும் அளிப்பதும் நிர்வாகத்தின் கடமை. கையுறையும் அவர்கள்தான் தர வேண்டும். இவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பிறரைச் சொல்லும்போது நம்மையும் சொல்ல வேண்டும். இந்த விதிகள் மருத்துவ முகாம்களுக்கும் உண்டு. நமது இலவச முகாமில் சர்க்கரைப் பரிசோதனை ஊசிகளைப் பழைய தண்ணீர் பாட்டிலில்தான் போட்டு வந்தோம். இப்போது வெள்ளைப் பெட்டி வாங்கியாயிற்று. தொண்டர்களுக்கும் தடுப்பூசி தொடங்கியிருக்கிறோம்.

அந்தச் சகோதரி 28 நாள் மாத்திரையை முடித்துவிட்டார். இரண்டு தவணை தடுப்பூசியும் ஆயிற்று. அதே கிளினிக்கில்தான் வேலை பார்க்கிறார். நாங்கள் போய்ப் பேசியபோது டாக்டர் கோபப்படவில்லை, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்டார்.