அழுகைக் கோச்சியில் வந்த சொற்கள்



ஆசிரியர் இர. சிவலிங்கம் அவர்களை நினைவுகூரும் இந்த உரையை ஒரே ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறோம். கோச்சி என்றால் ரயில். தாயகம் திரும்புவோரை ஏற்றிக்கொண்டு இலங்கை மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை எம் மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். ஏறியவர்களும் அழுதார்கள், மேடையில் நின்றவர்களும் அழுதார்கள். எந்த அரசு ஆவணத்திலும் இந்தப் பெயர் இருக்காது. நீலகிரியின் தோட்டக் குடியிருப்புகளில் வாழும் முதியவர்களின் வாயில்தான் இருக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் இலங்கைத் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்றவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களின் வழித்தோன்றல்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. யாரும் அம்மக்களிடம் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை தரவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கி, 1976-இல் 'டேன்டீ' நிறுவனமானது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் எனக் குடும்பங்கள் பரவின.

அங்கே 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்' என்று ஏசப்பட்டவர்கள் இங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள். இரண்டு கரையிலும் பெயரை வைத்தவர் பிறர்.

இந்த இடத்தில்தான் சிவலிங்கம் அவர்களின் பணி முக்கியமாகிறது. அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்தவர் அவர். தோட்டப் பள்ளி என்றால் பெரும்பாலும் ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்றிருந்த காலம் அது. லயத்துப் பிள்ளைகளை அதற்கு மேல் படிக்க வைத்து, அவர்களுக்குள் எழுத்தாளர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கிய தலைமுறையின் முன்னோடி அவர். உடன் ஆசிரியராக இருந்த எழுத்தாளர் திருச்செந்தூரனும் அப்பணியில் தோள் கொடுத்தார். 'நாம் மலையகத்தார்' என்று தலைநிமிர்ந்து சொல்லும் வழக்கம் அந்த வகுப்பறைகளிலும் மேடைகளிலும் வலுப்பெற்றது. வசவுக்குப் பதிலாகத் தம் மக்களுக்குத் தாமே ஒரு பெயரைச் சூட்டிக்கொள்ளக் கற்பித்ததே ஓர் ஆசிரியரின் பெரிய மொழிப்பணி என்று நாங்கள் கருதுகிறோம். பின்னர் நீலகிரிக்கு வந்தும் அவர் ஓயவில்லை. தாயகம் திரும்பியோரின் உரிமைகளுக்காக இங்கே உழைத்தார். 1999-இல் மறைந்தார்.

அவருக்கு முன்னவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கொம்பரை தோட்டத்தில் 1914-இல் பிறந்தவர். ஆசிரியராகவும், 1947-இல் தலவாக்கலை நாடாளுமன்ற உறுப்பினராகவும், தொழிற்சங்கவாதியாகவும் இருந்தபடியே தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டினார். அவர் 1984-இல் மறைந்த பிறகு, அத்தொகுப்பு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1987-இல் சென்னையில் அச்சேறியது. பாடல்களும் கடல் தாண்டித் திரும்பின.

இம்மொழியில் காக்க என்ன இருக்கிறது என்று மாணவர்கள் கேட்கக்கூடும். 'பேர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலிக் கணக்கு. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. மனிதரின் பெயரே பாதியாக வெட்டுப்படுகிறது! காலையில் ஆள்கணக்கு எடுக்கும் 'பிரட்டு', படைவீரரின் பரேடிலிருந்து வந்தது. 'துண்டு' என்பது கடன் சீட்டு. புதிய தோட்டம் அந்தக் கடனை ஏற்றால்தான் பழைய தோட்டத்தைவிட்டுப் போகலாம். 1921-இல் அம்முறை ஒழிக்கப்பட்டாலும் சொல் நினைவில் தங்கியது. இவற்றை வழக்கொழிந்த சொற்கள் என்று ஒதுக்கினால் சுரண்டலின் சாட்சியத்தையே ஒதுக்குகிறோம்.

இது நமக்கு மட்டும் உரிய கதையன்று. எத்தியோப்பியாவில் ஒரோமோ மொழி பள்ளிகளில் மறுக்கப்பட்ட காலத்தில், ஷேக் பக்ரி சபாலோ என்ற ஆசிரியர் 1956-இல் அதற்கென்றே ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். அரசின் கண்காணிப்புக்கு ஆளாகி, முதிய வயதில் சோமாலியாவுக்குத் தப்பி, 1980-இல் அகதியாகவே இறந்தார். 1991-க்குப் பின் அம்மொழி வேறொரு எழுத்தில், லத்தீன் எழுத்தில், பள்ளிக்குள் நுழைந்தது. அவர் உருவாக்கிய எழுத்து நிலைக்கவில்லை. அவர் காத்து நின்ற மொழி நிலைத்தது.

இன்று எம்முன் உள்ள ஆபத்து வெறும் சொல்லிழப்பன்று. ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். 2022-இல் டேன்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு ஆணையிட்டது. லயம் கலைந்தால் அம்மொழி பேசப்படும் முற்றமும் கலையும். பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகும் பிள்ளைகளிடம் பூர்வீக ஆவணம் எங்கே என்கிறார்கள். காகிதம் கடலோடு போய்விட்டது. ஆனால் பாட்டிகளின் ஒப்பாரியில் ஊரின் பெயர் இருக்கிறது, குலதெய்வம் இருக்கிறது. அலுவலகம் அதை ஆவணமாக ஏற்காது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் அது பொய்யாகிவிடாது.

அதே வேளை ஒன்றை மறக்கக் கூடாது. எம் மக்கள் குடியமர்த்தப்பட்ட இம்மலை தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் ஆகியோரின் மண். அவர்களின் மொழிகளுக்கும் இதே நெருக்கடி உண்டு. நம் சொல்லுக்கு இடம் கேட்கும்போது அவர்களின் சொல்லுக்கும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மாணவ நண்பர்களிடம் நாங்கள் கேட்பது எளிய வேலை. விடுமுறைக்கு வீடு போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். பாட்டி சொல்லும் சொல்லை அவர் உச்சரிக்கிறபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எந்தத் தோட்டத்தில், யாரிடம், என்ன வேலையின்போது கேட்ட சொல் என்பதையும் குறியுங்கள். அவர் சம்மதத்தோடு பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அழுகைக் கோச்சியில் ஏறியபோது சிறுமிகளாக இருந்தவர்களில் பலருக்கே இன்று வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இந்த வேலைக்கு இனி அதிகக் காலம் இல்லை.