மொடக்குறிச்சி: 1033 பேர் நின்ற தொகுதி, 281 ஓட்டில் முடிந்த தேர்தல்



"நம்ம ஒருத்தி ஓட்டுல என்னங்க ஆகப்போகுது?" குழுக் கூட்டங்களில் தேர்தல் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். இதற்குப் பதில் சொல்ல நாங்கள் டெல்லிக்கும் சென்னைக்கும் போகப் போவதில்லை. நம் பக்கத்திலேயே ஒரு தொகுதி இருக்கிறது. அதன் கதையைச் சொல்கிறோம். நம் கூட்டமைப்பு எந்தக் கட்சியையும் சேர்ந்தது இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற பேச்சு இதில் வராது. ஓட்டு எண்ணிக்கை மட்டும்தான் வரும்.

ஈரோட்டிலிருந்து தெற்கே போனால் மொடக்குறிச்சி. அவல்பூந்துறை, அரச்சலூர், சிவகிரி, ஊஞ்சலூர், கொடுமுடி எல்லாம் இன்று இந்தத் தொகுதியில்தான் இருக்கின்றன. 1979 வரை இது கோயம்புத்தூர் மாவட்டம். ஒரு பக்கம் காவிரி, ஊடே காலிங்கராயன் வாய்க்கால். மஞ்சள், கரும்பு, வாழை என்று தண்ணீரை நம்பிய வெள்ளாமை. தீரன் சின்னமலை கோட்டை கட்டியிருந்த ஓடாநிலை அரச்சலூருக்குப் பக்கம். கொடுமுடி என்றதும் கே.பி.சுந்தராம்பாள் நினைவுக்கு வருவார். பாட்டுக்காக எல்லோருக்கும் அவரைத் தெரியும். 1951-ல் சென்னை மாகாண மேலவைக்கு உறுப்பினராகப் போனவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் ஆள் ஒரு கொடுமுடிப் பெண்தான்.

இனி தேர்தலுக்கு வருவோம்.

1996-ல் சட்டமன்றத் தேர்தல். மொடக்குறிச்சியில் எத்தனை பேர் நின்றார்கள் தெரியுமா? 1033 பேர்! அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள், ஆயிரத்து முப்பத்து மூன்று பேர்தான். கட்சிக்காரர்கள் ஒரு சிலர். மற்ற எல்லோரும் சுயேச்சை. அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். ஜெயித்து எம்.எல்.ஏ. ஆக வேண்டும் என்று அவர்கள் நிற்கவில்லை. விவசாயிகளின் குறையை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, கூட்டம் போட்டும் மனுக் கொடுத்தும் பார்த்தாயிற்று, இப்படியாவது நாடு நம்மைத் திரும்பிப் பார்க்கட்டும் என்று ஆளாளுக்கு வேட்புமனுத் தாக்கல் செய்தார்கள்.

நாடு திரும்பித்தான் பார்த்தது. அன்றைக்கு ஓட்டு மெஷின் கிடையாது, சீட்டில்தான் முத்திரை குத்த வேண்டும். ஆயிரம் பேரை ஒரு சீட்டில் எப்படி அச்சடிப்பது? ஓட்டுச் சீட்டைப் புத்தகமாகவே போட்டார்கள். ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரு புத்தகம்! அதைப் புரட்டி, தனக்கு வேண்டிய சின்னத்தைத் தேடிப் பிடித்து, முத்திரை குத்தி, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். எழுத்துத் தெரியாத ஒரு பாட்டி அந்தப் புத்தகத்தோடு மறைப்புக்குள் எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை ஏற்பாடும் செய்ய வேண்டியிருந்ததால் தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். தமிழ்நாடு முழுக்க முடிந்த பிறகுதான் மொடக்குறிச்சிக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள்.

முடிவு என்ன ஆயிற்று? தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் 60 ஆயிரத்துக்கும் மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவர் அ.தி.மு.க.வின் ஆர்.என்.கிட்டுசாமி. நின்றவர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. "அவங்களே அவங்களுக்குப் போட்டுக்கலையா?" என்று கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. அதில் ஒரு விஷயம் இருக்கிறது. சட்டமன்றத்துக்கு நிற்பவர் இந்த மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். நிற்கிற தொகுதியிலேயே ஓட்டு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வேறு தொகுதியில் பெயர் உள்ளவர் இங்கே தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ள முடியாது. தவிரவும், மனுத் தாக்கல் செய்த அன்றே அவர்கள் வந்த வேலை முடிந்துவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அன்று சட்டமன்றத்துக்கு நிற்க டெபாசிட் 250 ரூபாய். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. 1996 ஆகஸ்டில் இதை ஒரேயடியாக 5,000 ஆக்கினார்கள். 2010-லிருந்து 10,000. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 5,000. பெண்களுக்கு என்று தனிச் சலுகை எதுவும் இல்லை. பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் தோற்றாலும் பணம் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் நம் ஊர்ப் பேச்சில் சொல்வது போல டெபாசிட் காலி. இன்னொரு மாற்றமும் வந்தது. முன்பு ஒருவர் முன்மொழிந்தால் போதும். இப்போது அங்கீகரிக்கப்பட்ட கட்சி நிறுத்தும் ஆளுக்கு ஒருவர் போதும், சுயேச்சைக்கு 10 பேர் கையெழுத்து வேண்டும். அந்தப் பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும்.

1996-ல் 1033 பேரும் கட்டியது எல்லாம் சேர்த்தால் இரண்டரை லட்சம் ரூபாய் அளவில்தான் வரும். இன்று அதே 1033 பேர் நின்றால் ஒரு கோடியைத் தொடும். சீட்டைப் புத்தகமாக அடிப்பது நடக்கிற காரியம் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் விவசாயிகள் எழுப்பிய கேள்விக்குப் பதில் கிடைத்ததை விட, அப்படிக் கேள்வி எழுப்பும் வழியை அடைத்த வேலைதான் வேகமாக நடந்தது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நம்மில் ஒருத்தர் நாளைக்குச் சுயேச்சையாக நிற்க நினைத்தாலும் இந்த 10,000-மும் 10 கையெழுத்தும் முன்னால் நிற்கும். கையெழுத்து நமக்குப் பிரச்சினை இல்லை, ஒரு குழுவிலேயே கிடைத்துவிடும்!

இது நம் விவசாயிகள் மட்டும் செய்த வேலை இல்லை. அதே 1996-ல் ஆந்திராவில் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் தண்ணீர்ப் பிரச்சினைக்காக 480 பேர் நின்றார்கள். டெபாசிட் ஏறிய பிறகும் இது நின்றுவிடவில்லை. 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் போட்டியிட்டார்கள். அதில் 178 பேர் விவசாயிகள். அவர்கள் கேட்டது மஞ்சளுக்கு நல்ல விலையும் ஒரு மஞ்சள் வாரியமும். மஞ்சள் என்றால் ஈரோடு என்று இருக்கிற நமக்கு அது புரியாத வலியா? அங்கே ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் 12 ஓட்டு மெஷினை வரிசையாக அடுக்கி வைத்துத் தேர்தல் நடத்தினார்கள். பதவியில் இருந்த எம்.பி. தோற்றார். தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் அதே நிஜாமாபாத்தில் தொடங்கப்பட்டது.

மொடக்குறிச்சிக்கே திரும்புவோம். இங்கே ஜெயித்த சுப்புலட்சுமி ஜெகதீசன் 1996-க்குப் புதியவர் இல்லை. 1977-லேயே இதே தொகுதியில் ஜெயித்தவர். அப்போது அவர் அ.தி.மு.க. எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் அமைச்சராக இருந்தார். பிறகு தி.மு.க.வுக்கு வந்தார். 1989-ல் கலைஞர் அமைச்சரவையில் சமூகநலத் துறை அமைச்சர். ஐஃபாட் நிதி உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் பெண்கள் குழு ஆரம்பித்ததும் அதே 1989-ல்தான். நாம் இன்று உட்கார்ந்திருக்கும் குழுக்களுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. 2004-ல் திருச்செங்கோட்டில் நின்று எடப்பாடி பழனிசாமியைத் தோற்கடித்து எம்.பி. ஆனார், மத்திய இணை அமைச்சரும் ஆனார். 1996-ல் அவரிடம் தோற்ற கிட்டுசாமி 2011-ல் இதே மொடக்குறிச்சியில் எம்.எல்.ஏ. ஆனார். தோற்றவர் வருவதும் ஜெயித்தவர் போவதும் இந்தத் தொகுதியில் சகஜம்.

2021 தேர்தலில் சுப்புலட்சுமி ஜெகதீசன் மறுபடி மொடக்குறிச்சிக்கு வந்தார். எதிரே பா.ஜ.க. சார்பில் டாக்டர் சி.சரஸ்வதி. முக்கியப் போட்டியில் இருந்த இருவருமே பெண்கள். சட்டமன்றத் தேர்தலில் இப்படி எத்தனை தொகுதியில் பார்த்திருக்கிறோம்? இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள் உள்ள தொகுதி. ஏப்ரல் 6-ல் ஓட்டுப் பதிவு, மே 2-ல் எண்ணிக்கை. சரஸ்வதிக்கு 78,125. சுப்புலட்சுமி ஜெகதீசனுக்கு 77,844. வித்தியாசம் 281.

எத்தனையோ தேர்தல் கண்டவர், அமைச்சராக இருந்தவர், 281 ஓட்டில் தோற்றார். பா.ஜ.க.வுக்கு அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் கிடைத்ததே நான்கு இடம். அதில் ஒன்று இது. இன்னொன்றும் நம் பக்கம்தான், கோவை தெற்கு. அங்கே வானதி சீனிவாசன் நடிகர் கமல்ஹாசனை 1,728 ஓட்டில் ஜெயித்தார்.

இந்த 281-ஐ நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். குழுவுக்கு 15 பேர் என்று வைத்தால் 19 குழு. ஒரு பெரிய ஊராட்சியில் உள்ள குழுக்கள் அவ்வளவுதான்! அதிலும் இன்னொரு கணக்கு இருக்கிறது. முதலில் வந்தவருக்குப் போட்டவர்களில் 141 பேர் மட்டும் மாற்றிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோட்டை எடுத்துக் கழித்துக் கூட்டிப் பாருங்கள். ஒருவருக்கு 77,984. மற்றவருக்கு 77,985. ஒரே ஒரு ஓட்டில் முடிவு தலைகீழ். 141 பேர் என்றால் பத்துக் குழுகூட இல்லை. தொகுதி முழுக்கப் பிரித்தால் ஒரு பூத்துக்கு ஒன்றோ அரையோ ஓட்டு. நாங்கள் யாரையும் மாற்றிப் போடச் சொல்லவில்லை. அவரவர் ஓட்டு அவரவர் விருப்பம். கணக்கைத்தான் சொல்கிறோம்.

ஒரே ஓட்டில் தோற்றவர்களும் நிஜமாகவே இருக்கிறார்கள். சத்தி மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் சந்தேமரஹள்ளி என்ற தொகுதி இருந்தது. 2004-ல் அங்கே ஏ.ஆர்.கிருஷ்ணமூர்த்தி ஒரு ஓட்டில் தோற்றார். 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி.ஜோஷியும் ஒரு ஓட்டில்தான் தோற்றார்.

"யாரையும் பிடிக்கலை, நோட்டாவுல போட்டா?" என்று கேட்கிறார்கள். போடலாம், 2013-லிருந்து அந்த உரிமை இருக்கிறது. ஆனால் சட்டமன்றத் தேர்தலில் நோட்டாவுக்கு எவ்வளவு விழுந்தாலும், மீதிப் பேரில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் எம்.எல்.ஏ.

இப்போது நம் வீட்டு விஷயம். பெண்கள் ஓட்டு வீணாவது பெரும்பாலும் பூத்தில் இல்லை, பட்டியலில். கல்யாணமாகி வந்து நாலு வருஷம் ஆகியிருக்கும், பெயர் இன்னும் பொறந்த ஊர்ப் பட்டியலிலேயே இருக்கும். "கார்டு வெச்சிருக்கேனே" என்று தைரியமாக இருப்பார்கள். கார்டு இருந்தால் போதாது சகோதரி, அந்தப் பூத்துப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. 2025 நவம்பரில் தமிழ்நாடு முழுக்க வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தும் வேலை தொடங்கியது. அதற்குப் பிறகு உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? உங்கள் மாமியார் பெயர்? ஈரோட்டிலோ திருப்பூரிலோ மில் வேலைக்குப் போயிருக்கும் மகள் பெயர்?

புதிதாகச் சேர்க்க படிவம் 6. ஊர் மாறி வந்தவர்கள் பெயரை இங்கே மாற்றவும், பெயர், வயது, உறவு முறை தப்பாக இருந்தால் திருத்தவும் படிவம் 8. உங்கள் பூத்துக்கான வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம், தாலுகா அலுவலகத்திலும் கேட்கலாம். 17 வயது முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். முன்பு ஜனவரி 1 ஒன்றுதான் கணக்கு. இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருஷத்தில் நான்கு நாட்களை வைத்து 18 வயதைக் கணக்கிடுகிறார்கள்.

பூத்துக்குப் போன பிறகு "உங்க ஓட்டைப் போட்டாச்சும்மா" என்று சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வராதீர்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் உங்கள் அடையாள அட்டையைக் காட்டி, டெண்டர் ஓட்டு வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று தெரிந்தால் மெஷினில் விடமாட்டார்கள், ஒரு ஓட்டுச் சீட்டைத் தருவார்கள். அதில் குறித்துக் கொடுத்தால் தனி உறையில் வைப்பார்கள். அன்றைய எண்ணிக்கையில் அது சேராது. ஆனால் வித்தியாசம் மிகக் குறைவாகி வழக்குக் கோர்ட்டுக்குப் போனால், அந்த உறையைப் பிரித்து எண்ணச் சொல்லும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஊக்குநர்கள் தங்கள் பூத்துப் பட்டியலின் நகலைக் கொண்டு வாருங்கள். சேமிப்பு வசூலித்த பிறகு ஒவ்வொருத்தர் பெயராக வாசித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.