இழுவை – 9: எரிமலை ஏறிய 1.6

டயரும் கியரும் முடிவான பிறகுதான் இன்ஜினில் கைவைக்க வேண்டும் என்பது வரை போன வாரம் பார்த்தாயிற்று. எடமலைப்பட்டி புதூர் ஜிப்ஸிக்காரர் வண்டி கட்டுவது பச்சைமலைக் கல்பாதைக்காக, நாற்கரச் சாலைக்காக அல்ல என்பதும் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் கேம் ஷாஃப்ட் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். அதற்குள் ஓர் எரிமலை குறுக்கே வந்துவிட்டது.

சிலி, அர்ஜென்டினா எல்லையில் நிற்கிறது ஓஹோஸ் தெல் சலாதோ. 6,893 மீட்டர், உலகத்து எரிமலைகளிலேயே உயரமானது. நான்கு சக்கர வண்டியை எவ்வளவு உயரத்துக்கு ஓட்டிப்போக முடியும் என்று பார்ப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் இந்த மலையைத்தான் தேடி வருகிறார்கள். 2007 மார்ச்சில் ஒரு ஜெர்மானியக் குழு ஜீப் ராங்லரை 6,646 மீட்டர் வரை ஏற்றியது. ஏற்றிவிட்டுச் சும்மா இறங்கவில்லை. இங்கே ஜீப்பை மட்டும்தான் நிறுத்தலாம், மற்ற வண்டிகள் எப்படியும் இவ்வளவு தூரம் வரப்போவதில்லை என்று சொல்லும் பலகை ஒன்றையும் வைத்துவிட்டு வந்தது.

அடுத்த மாதமே, ஏப்ரல் 21 அன்று, சிலி நாட்டைச் சேர்ந்த கொன்சாலோ பிராவோவும் எதுவார்தோ கனாலேஸும் 6,688 மீட்டரில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார்கள். ஜீப் நின்ற இடத்தைவிட 42 மீட்டர் மேலே. அவர்கள் ஓட்டியது பழைய சுசுகி சமுராய். அதன் உடன்பிறப்புக்குத்தான் நம்மூரில் மாருதி ஜிப்ஸி என்று பெயர்.

இந்தச் சாதனை இப்போது அவர்களிடம் இல்லை. 2019-இல் மெர்சிடிஸ் யூனிமாக் லாரி ஒன்று 6,694 மீட்டர் ஏறியது. 2023 டிசம்பரில் பெரிதாக மாற்றியமைத்த போர்ஷே 911 ஒன்று 6,734 மீட்டரைத் தொட்டது. என்றாலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் உலகின் மிக உயரமான டயர்த்தடம் ஒரு சின்ன சுசுகியினுடையது என்ற செய்தி, ஜிப்ஸி வைத்திருக்கும் எவரையும் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

அந்த சமுராயின் பானெட்டுக்குள் இருந்தது என்ன என்பதே இந்த வாரக் கேள்வி. 1.6 லிட்டர் ஜி16ஏ இன்ஜின், அதன் மேல் ஒரு சூப்பர்சார்ஜர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. தானாகக் காற்றை இழுக்கும் இன்ஜின் அங்கே போனால் தன் சக்தியிலும் பாதியைத்தான் தரும். சூப்பர்சார்ஜர் வைத்தது இருந்த சக்தியை இரட்டிப்பாக்க அல்ல, மலை பறித்துக்கொள்வதை ஈடுகட்ட. பச்சைமலை உச்சியில் அப்படிக் காற்றுப் பஞ்சம் கிடையாது. ஆகவே புதூர்க்காரர் தன் திட்டக் குறிப்பில் எழுதி வைத்திருக்கும் ‘சூப்பர்சார்ஜர்’ என்ற வரியை இப்போதே அடித்துவிடலாம். முதன்முதலாகக் கட்டும் இன்ஜினுக்கு அது வேண்டாத செலவு. 40 டிகிரி வெயிலில், பழைய ஹெட் கேஸ்கட்டோடு, அழுத்திய காற்றை உள்ளே தள்ளினால் முதலில் நாக்கிங் வரும், பின்னாலேயே பிஸ்டன் ஓட்டையாகும்.

ஆனால் ‘1.6’ என்ற எண்ணை அடிக்க வேண்டாம். விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஜிப்ஸி 1985 டிசம்பரில் 970 சிசி இன்ஜினோடு வந்தது. 1996-இல் ஜிப்ஸி கிங் வந்தபோது இன்ஜின் 1,298 சிசி ஆனது. 2000-க்குப் பிறகு 16 வால்வு, எம்.பி.எஃப்.ஐ.: 80 குதிரைத்திறன், 103 நியூட்டன் மீட்டர் டார்க். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 103 கிடைப்பது 4,500 சுற்றில். கல்மேல் ஒரு சக்கரமும் பள்ளத்தில் ஒரு சக்கரமுமாக நிற்கும்போது எவரும் 4,500 சுற்றில் ஓட்டுவதில்லை. 1,500-க்கும் 3,000-க்கும் நடுவில்தான் ஜீவனமே. ஜிப்ஸி ஓட்டுபவர்கள் ‘ஏறுது, ஆனா அலற வச்சுத்தான் ஏத்தணும்’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்த 1.3 இன்ஜினின் போர் 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75.5. இதே ஜி குடும்பத்து 1.6 இன்ஜினின் போர் 75, ஸ்ட்ரோக் 90. போரில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்; ஸ்ட்ரோக்கில் பதினாலரை. 1,298 சிசி 1,590 ஆவது கிட்டத்தட்ட முழுக்க கிராங்க்கின் வேலை.

முதல் இன்ஜின் கட்டுபவர் எவரும் தடுக்கி விழும் இடம் இங்கே இருக்கிறது. புதூர்க்காரரும் லேத் பட்டறையில் அதைத்தான் கேட்டார்.

“அண்ணே, இதையே போர் அடிச்சுப் பவர் ஏத்திக்கலாமா?”

“போர் அடிச்சா தேஞ்சது சரியாகும் தம்பி. பவர் வேணும்னா கிராங்க்கிட்டதான் கேக்கணும்.”

கணக்குப் போட்டால் பட்டறைக்காரர் சொன்னது அப்படியே வருகிறது. 0.5 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 1,298 சிசி 1,316 ஆகும். கூடுதல் 18 சிசி, நாலு சிலிண்டருக்கும் சேர்த்து! ஓட்டுபவரின் கால் அதை உணரவே உணராது. ரீபோரிங் என்பது உடம்பைச் சரிசெய்யும் வேலை, பலம் ஏற்றும் வேலை அல்ல.

அந்த உடம்பைப் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். பிளாக்கைத் துடைத்து மேசைமேல் வைத்து, போர் கேஜை முதல் சிலிண்டருக்குள் மெல்ல இறக்கினார் பட்டறைக்காரர். மேல் ரிங் வந்து திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு அளவு, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. பிறகு கேஜைக் கால் வட்டம் திருப்பி அதே மூன்று அளவு. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர். குறுக்குக்கும் நெடுக்குக்கும் உள்ள வித்தியாசம் ஓவல். தேய்மானம் எப்போதும் மேலேதான் அதிகம்: அங்கேதான் சூடும் அழுத்தமும் உச்சத்தில், ஆயிலோ குறைவு. நாலு சிலிண்டருக்கும் இருபத்து நாலு அளவு. சாக்பீஸால் பிளாக்கின் மேலேயே எழுதி முடிக்கும்வரை பிஸ்டன் விலையை எவரும் பேசவில்லை. பிஸ்டன் வாங்கி வைத்துக்கொண்டு பிளாக்கை அளப்பவர்கள் உண்டு. அது தலைகீழ் வேலை.

1.6-க்குத் திரும்புவோம். இந்தியாவில் அது 1999 முதல் 2007 வரை விற்ற பழைய பலேனோ செடானில் வந்தது. 130 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,000 சுற்றிலேயே. இதற்காகத்தான் ஜிப்ஸிக்காரர்கள் இந்த இன்ஜினைத் தேடி அலைகிறார்கள். ஸ்ட்ரோக் நீளமானாலே இழுவை வந்துவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அது பாதி உண்மை. டார்க்கைப் பெரும்பாலும் கூட்டுவது சிசி. அந்த டார்க் எந்தச் சுற்றில் வந்து நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பவை கேம், வால்வு, மேனிஃபோல்ட் குழாயின் நீளம். ஸ்ட்ரோக்குக்கு ஒரு விலையும் உண்டு. 6,000 சுற்றில் 1.3-இன் பிஸ்டனுடைய சராசரி வேகம் வினாடிக்கு 15.1 மீட்டர், 1.6-இல் அது 18 மீட்டர். சுற்றை ஏற்றி ஓட்டும் ராலிக்காரருக்கு இது யோசிக்க வேண்டிய எண். கல்பாதையில் ஊர்ந்து போகிறவருக்குக் கவலையில்லை.

பழைய இரும்புக்கடையில் ‘பலேனோ இன்ஜின்’ என்று மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. 2015-இல் வந்த பலேனோ ஹேட்ச்பேக் பெயரில்தான் ஒன்று. அதன் இன்ஜின் வேறு குடும்பம். பழைய செடானின் இன்ஜினே கிடைத்தாலும் அது காருக்குள் குறுக்காகப் படுத்திருந்தது. ஜிப்ஸியில் நெடுக்காக நிற்க வேண்டும். சம்ப், ஆயில் உறிஞ்சும் குழாய், இன்ஜின் மவுண்ட், தண்ணீர்க் குழாய்கள், இன்டேக்கின் வாய் எல்லாம் இடம் மாறும். 1.6-இன் பிளாக் 1.3-ஐவிட உயரம், ஆகவே பானெட்டுக்கு அடியில் இருக்கும் இடைவெளியை முன்பே அளக்க வேண்டும். 1.3-இன் ஈ.சி.யு.வுக்கு 1.6-இன் பசி தெரியாது. வயரிங்கோடு சேர்த்து வாங்காத இன்ஜின் பாதி இன்ஜின்தான். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றும் செலவையும் இதே பட்டியலில் எழுதிவிட வேண்டும்.

எழுதத் தவறுகிற இன்னொன்று சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவைச் சுட்டி, தயாரிப்பாளர் தந்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரெஜிஸ்ட்ரேஷன் புத்தகத்தில் 1,298 சிசி என்று இருக்கும் வண்டியில் 1,590 சிசி இன்ஜினை இறக்கிவிட்டுச் சாலையில் ஓட்ட முடியாது. ஏதாவது விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது இன்ஜின் நம்பரைத்தான். போட்டிக்கு மட்டும் வண்டி கட்டுபவர் அதை லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றிக்கொண்டு போவார். புதூர்க்காரரோ அதே ஜிப்ஸியில் பஞ்சப்பூர் பேருந்து முனையத்தைத் தாண்டி தினமும் வேலைக்குப் போகிறவர்.

ஆகவே இந்தத் தொடரின் கருத்து இது: அவருக்கு 1.6 வேண்டாம். எரிமலைக் கதை எவ்வளவு இழுத்தாலும் வேண்டாம். இருக்கும் 1.3-ஐ அளவு பார்த்து ரீபோர் செய்து, புது பேரிங், புது ஆயில் பம்ப், ஃபேஸிங் செய்த ஹெட், அடைப்பு எடுத்த ரேடியேட்டர் என்று ஒழுங்காகக் கட்டட்டும். கீழ்ச்சுற்று இழுவையை அவர் இன்ஜினில் தேட வேண்டாம், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியரில் தேடட்டும். சுசுகியின் இந்தப் பரம்பரை தொடங்கியதே அப்படித்தான். 1970-இல் வந்த முதல் எல்.ஜே.10-இன் இன்ஜின் 359 சிசி, டூ ஸ்ட்ரோக், 25 குதிரைத்திறன். கிட்டத்தட்ட இன்றைய புல்லட் 350 ஒன்றின் அளவே இருந்த அந்த இன்ஜினை மலையேற்றியது ஃபோர் வீல் டிரைவும் எடைக்குறைவும்தான்.

அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ‘கேமையாவது மாத்தலாமா?’ என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, கம்ப்ரஷன் கணக்கைப் போடாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பியூரெட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஹெட்டின் சேம்பரை அளப்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.

(தொடரும்)