ஐந்தாமவர் வந்து உட்கார்ந்ததும்

இங்கிலாந்தில் வெள்ளிக்கிழமை மாலை எந்தப் பப்பிலும் ஐம்பதை நெருங்கும் நண்பர்களின் மேஜை ஒன்றாவது இருக்கும். முழங்கால் வலி, மகளின் பரீட்சை, ஒழுகும் கூரை, புதிதாக வந்த மேலாளர் என்று ஊர்ப்பட்ட கதை ஓடும். நால்வர் இருக்கும்வரை எல்லோரும் ஒரே பேச்சில் இருப்பார்கள். ஐந்தாமவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தால், சற்று நேரத்தில் அந்தப் பேச்சு தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். மானிடவியலாளர் ராபின் டன்பாரும் அவருடைய சகாக்களும் 1995-இல் இதை எண்ணிப் பார்த்தே எழுதினார்கள். சேர்ந்து சிரிக்கும் வட்டம் இன்னும் சிறியது, பெரும்பாலும் மூவர்தான்.

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பெரிய வியப்பு. அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் ப்ரோவைன் பொது இடங்களில் சுமார் 1,200 சிரிப்புகளைக் குறித்துக்கொண்டார். அவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சைத் தொடர்ந்து வந்தவை சுமார் 20 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவை எல்லாம் சாதாரண வார்த்தைகளுக்கு எழுந்தவை. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்பதும் அவர் கண்டதுதான்.

விழுந்து விழுந்து சிரிக்கும்போது மூச்சை உள்ளே இழுக்காமல் அடுத்தடுத்து வெளியே தள்ளுகிறோம். விலாத் தசைகள் வலிக்கின்றன. அந்த உழைப்புக்கு மூளை எண்டார்பினைச் சுரக்கிறது. மார்பினைப் போல வலியைத் தணிப்பது அது. 2011-இல் வெளியான டன்பார் குழுவின் சோதனையில், ஒயின் புட்டியைக் குளிர்விக்கும் உறையை உறைய வைத்துக் கையில் மாட்டி, எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். சேர்ந்து சிரித்தவர்கள் அதற்குப்பின் கூடுதல் நேரம் தாங்கினார்கள். 2017-இல் பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள், நெருங்கிய நண்பர்களோடு நகைச்சுவைக் காட்சிகள் பார்த்துச் சிரித்த 12 ஆண்களின் மூளையைப் பெட் (PET) ஸ்கேனில் படம்பிடித்தார்கள். தலாமஸ் உள்ளிட்ட பகுதிகளில் மூளையின் சொந்த வலிநீக்கிகள் சுரந்தது அதில் தெரிந்தது.

நடுவயதில் இப்படி நண்பர்களோடு சிரிப்பது ஏன் அருமையானது? நாம் தொலைபேசியில் தொடர்புகொள்ளும் ஆட்களின் எண்ணிக்கை சுமார் 25 வயதில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது என்று 2016-இல் பின்லாந்து, பிரிட்டன் ஆய்வாளர்கள் அழைப்புப் பதிவுகளிலிருந்து கண்டார்கள். அறிமுகமானவர் நெருங்கிய நண்பராக மாற 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்பது கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி ஹாலின் மதிப்பீடு. வேலையும் பெற்றோரின் மருத்துவச் சீட்டும் பிள்ளைகளின் படிப்பும் சூழ்ந்த வயதில் அத்தனை மணி நேரத்துக்கு எங்கே போவது? பழைய நண்பர்களிடம் அது முன்பே சேமிப்பாக இருக்கிறது.

பப்பில் கோப்பையில் இருக்கும் மதுவுக்கும் இந்த மகிழ்ச்சியில் பங்கில்லாமல் இல்லை. மது அருந்தும்போதும் எண்டார்பின் சுரக்கிறது. 2012-இல் கலிபோர்னியாவில் அதையும் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் மது புற்றுநோய் தருவது. எந்த அளவும் பாதுகாப்பானதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. சிரிப்புக்கு அப்படி எந்த எச்சரிக்கையும் இல்லை. ஆகவே கோப்பையில் டீயே இருக்கட்டும். ரொம்ப நாளாகப் பேசாத அந்த இரண்டு மூன்று பேரை இந்த வாரமே கூப்பிடுங்கள். சொல்வதற்குப் பெரிய செய்தி எதுவும் வேண்டியதில்லை.