கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற வேடங்கள்

திரைப்பட நாயகி என்றதும் காதற் பாட்டும் கட்டழகும் நினைவுக்கு வருதல் இயல்பு. இவ்விரண்டையும் துணைக்கொள்ளாமல், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தமிழ்த் திரையில் நிலைத்து நின்றவர் கே. பி. சுந்தராம்பாள்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908 ஆம் ஆண்டு பிறந்த இவர், வறுமை காரணமாகப் புகைவண்டிகளில் பாடிப் பொருள் ஈட்டிய சிறுமி என்பர். இளமையிலேயே நாடகக் குழுவிற் சேர்ந்தார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். சுந்தராம்பாளின் உச்சக் குரலும் பிசகாத உச்சரிப்பும் அந்தத் தேவையிற் பழகியவை.

தமிழகத்து நாடகக் கலைஞர்கள் கடல் கடந்து இலங்கைக்கு வந்து நடிப்பது அக்கால வழக்கம். அவ்வாறு வந்தவிடத்து, 1926 ஆம் ஆண்டு கொழும்பில், புகழ்பெற்ற பாடகராகிய எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். மறு ஆண்டு அவரையே மணந்தார். 1933 ஆம் ஆண்டு டிசம்பரில் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. வெண்ணிறக் கதராடை பூண்டு, இனி எந்த ஆணுடனும் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். மேடை நாடகமோ காதற் கதைகளை நம்பியிருந்தது. ஆகவே அவர் தொழிலும் அத்துடன் முடிந்ததென்றே பலரும் கருதியிருப்பர்.

அவ்வுறுதியைக் கைவிடாமலே அவர் திரைக்கு வந்தார். 1935 ஆம் ஆண்டின் ‘பக்த நந்தனார்’ படத்தில் அவர் ஏற்றது நந்தன் என்னும் ஆண் வேடம். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபா என்பது அந்நாளிற் பெரும் வியப்பு. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1940 இல் மணிமேகலை. 1953 இல் ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’. 1964 இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தி அடிகள். 1973 இல் காரைக்கால் அம்மையார்.

இப்பாத்திரங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். மணிமேகலை பௌத்தத் துறவி; கவுந்தி சமணத் துறவி. மணவாழ்வை விலக்குவதற்காகப் பிள்ளையாரை வேண்டி முதுமை பெற்றவர் ஔவை. அழகுடலைத் துறந்து பேயுரு வேண்டியவர் காரைக்கால் அம்மையார். சமூகம் கைம்பெண்ணுக்கு விதித்த கோலத்தையே சுந்தராம்பாள் இலக்கியத்தின் உயர்ந்த பெண்டிரது கோலமாக்கினார். எனினும், இத்தகைய குரலுக்கும் உணர்ச்சிக்கும் ஏற்ற சாதாரணக் குடும்பக் கதைகளைத் திரையுலகம் அவருக்குப் போதிய அளவு அமைத்துத் தரவில்லை என்ற குறையும் உண்டு. அவர் நடித்த படங்கள் ஏறத்தாழப் பன்னிரண்டே.

காங்கிரஸ் பிரசாரத்திலும் ஈடுபட்ட அவர், 1951 ஆம் ஆண்டில் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1969 இல் வெளிவந்த ‘துணைவன்’ படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது கிடைத்தபோது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். 1980 ஆம் ஆண்டில் மறையும்வரை அந்த வெண்ணிற ஆடையை அவர் மாற்றவில்லை.